பரிசு வாங்கிய இதயம்

"நெடுந்தூரம் ஓடுறவங்களுக்கு இதயத் துடிப்பு இப்படித் தாறுமாறா ஆகிறது உண்டு," என்றார் டாக்டர், மேனேஜரின் கைக்கடிகாரம் பதிவு செய்திருந்த கோடுகளைப் பார்த்தபடி.

"என்ன செய்றது டாக்டர்? ஆபீஸ்ல மாசா மாசம் கடிகாரக் கணக்கை வச்சு நடத்துற ஓட்டப் போட்டியில எப்பவும் எனக்குத்தான் முதல் பரிசு. ஓடாட்டி எனக்குச் சோறு இறங்காது." மேனேஜர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இது உயிருக்கு ஆபத்தா டாக்டர்?" பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்.

"நீ சும்மா இரு. ஓட்டத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "எனக்குத்தான் ஒண்ணும் புரியலை. கடிகாரத்துல காலை ஓட்டத்தப்போ மட்டும் கோளாறு காட்டுது. இங்கே டிரெட்மில்லுல ஏத்தினா, ஏறின வேகத்துல மூச்சு வாங்கி இறங்கிட்டீங்க. ஆனா துடிப்பு சீரா இருக்கு. ஓடும்போது தலை சுத்துதா?"

"சேச்சே, இல்லவே இல்லை."

"சுத்துது டாக்டர்," என்றாள் மனைவி. "நேத்து பார்க் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

டாக்டர் நிமிர்ந்தார். அவள் இடது கையை நீட்டினாள். வெயிலில் கறுத்திருந்த மணிக்கட்டில் கடிகாரப் பட்டை அளவுக்கு மட்டும் தோல் வெளுத்திருந்தது.

"காலையில நான் ஓடக் கிளம்பும்போது அந்தக் கடிகாரத்தை என் கையில கட்டிவிட்டுட்டு, இவர் மறுபடி போர்த்திக்கிட்டுப் படுத்துக்குவார்."

"நல்ல வேளை, இப்பவாவது சொன்னீங்க. சரிபண்ணிடலாம். நீங்க இந்த நாற்காலிக்கு வாங்கம்மா. சார், கொஞ்சம் எழுந்திருங்க."

மேனேஜர் எழுந்தார். "அப்போ... அடுத்த மாசப் போட்டி?"

டாக்டர் கடிகாரத்தை எடுத்து அவர் கையிலேயே இறுக்கமாகக் கட்டிவிட்டார்.