கேசரியின் கிண்ணம்

கிண்ணம் மறுபடியும் காலி.

காலை ஆறு மணிக்குத்தான் அரை லிட்டர் ஊற்றினாள். இன்னும் எட்டுகூட ஆகவில்லை.

அளக்காமல் அவள் எதையும் ஊற்றுவதில்லை. கணவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, கோடு போட்ட பாட்டிலில் நிரப்பிக் கொடுத்துவிடுவாள். மாத்திரைக்கும் தாகத்துக்கும் அதற்குள்தான். அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருடம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.

நாய்க்கு அளவு கிடையாது. பன்னிரண்டு வயதுக் கேசரி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

ஆனால் இப்போது குடிப்பது ஒன்றரை லிட்டர். தினமும். மூன்று வாரமாக.

வயதான நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்தால் கிட்னியைப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள். ஒரு வீட்டில் எத்தனை பேருக்குத்தான் அது கெடும். எரிச்சலாக வந்தது.

பால்கனி நாற்காலியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலடியில் கிண்ணம். சற்றுத் தள்ளிக் கேசரி, கண்ணை மூடியபடி.

டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள்.

வயசான நாய்க்கு எதற்கு வீண் அலைச்சல் என்றார் அவர்.

கிண்ணத்தை நிரப்பி வைத்தாள். அடுப்படியைப் பூட்டினாள்.

வெளியே போகும்போதெல்லாம் பூட்டுவாள். குடிக்கிற தண்ணீர் அங்கே மட்டும்தான் வரும். மற்றக் குழாய்களில் உப்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. பூட்டச் சொன்னதே அவர்தான். நுரையீரலில் நீர் கோத்து, மூன்று நாள் ஐசியுவில் கிடந்து வீடு திரும்பிய அன்று சொன்னார். இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கைவிரித்திருந்தார்.

நாய் ஆஸ்பத்திரியில் கூட்டம்.

பெஞ்சில் பக்கத்தில் ஒருவர். அவருடைய லேப்ரடாரின் முன்னங்காலில் டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே வருவதில் பாதி கிட்னிக்குத்தான் என்றார். தன் நாய்க்கு இரத்தத்தில் கிரியேட்டினின் உப்பு ஐந்து என்றார். மகனின் பரீட்சை மார்க்கைச் சொல்வது போலச் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஒன்பது என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

டாக்டர் சின்னப் பெண். வயதான நாய்களிடம் இது சகஜம், பயப்பட வேண்டாம் என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒன்றுக்குப் போகிறது என்று கேட்டாள்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எப்போதும் போலத்தான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இரத்தம் எடுத்தார்கள்.

அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. கிட்னியில் கோளாறு எதுவும் இல்லை.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேசரியின் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஒன்றாவது தப்பித்தது.

டாக்டர் கேசரியின் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டாள். தோல் அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கியது. உதட்டை விலக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்பக் காஞ்சு கெடக்குதுங்க்கா. தண்ணி வெக்கறதே இல்லீங்களா?"

அவள் கேசரியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆட்டோவில் வரும்போது கேசரி மடியில் கிடந்தது. அவள் நேற்றை நினைத்துக்கொண்டிருந்தாள். நேற்று வெள்ளிக்கிழமை. டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்தபோது நாலு கிலோ ஏறியிருந்தது. தண்ணீர் குடித்தீர்களா என்று டெக்னீஷியன் கேட்டார். ஒரு சொட்டு அதிகமாகக் குடிக்கவில்லை என்றார் அவர். எடை மெஷின் சரியில்லை என்று டெக்னீஷியனோடு சண்டை போட்டது அவள்தான்.

வீட்டில் கிண்ணம் காலியாக இருந்தது.

ஒரே ஒரு வாய் ஊற்றினாள். கேசரியை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். தரையில் உட்கார்ந்தாள்.

ஒரு நிமிடம்.

இரண்டு.

பால்கனியில் எவர்சில்வர் கிண்ணம் தரையைத் தொட்டது. சத்தம் வந்துவிடக் கூடாது என்று வைக்கிற சத்தம்.

கேசரியின் காது நிமிர்ந்தது. பிறகு மடிந்தது. அதற்குப் பழகிப்போன சத்தம்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. போய்ப் பிடுங்கி எறிய எழுந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தபோது, அவர் நாயின் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாய்க்குத் தூக்குவது கண்முன் வந்தது. அதை நேரில் பார்த்துவிட்டால் அப்புறம் இருவரும் எப்படி முகம் பார்த்துப் பேசுவது.

நாற்காலி கிறீச்சிடும் வரை காத்திருந்தாள்.

கேசரிக்கு அடுப்படியிலேயே ஒரு பேசினில் தண்ணீர் வைத்தாள். அது மூச்சுவிடாமல் குடித்தது. அவள் அளக்கவில்லை.

பிறகு கிண்ணத்தை எடுத்து வந்தாள். சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்த்தாள். வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல அவருடைய பாட்டிலை நிரப்பினாள். முக்கால் லிட்டர். அதிலிருந்து நூறு மில்லியைக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

கிண்ணத்தை அவர் காலடியில், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். அவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

தண்ணீரில் ஒரு சீரகம் மிதந்தது.

எடுத்துவிட விரலை நீட்டினாள். எடுக்காமலே எழுந்து உள்ளே போனாள்.