வாளிச் சத்தம்

“சிங்காரி...” என்று மறுபடியும் கூப்பிட்டாள்.

உண்ணிச்செடிப் புதரில் ஓர் இலைகூட அசையவில்லை.

“இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்கம்மா” என்றார் கால்நடை டாக்டர்.

கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். யாரும் குறை சொல்ல முடியாதபடி கூப்பிட்டாள்.

அவளுக்குப் பின்னால் பன்றிப்பட்டி காலியாகக் கிடந்தது. காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தோட்டத்து மூலையில் ஜேசிபி தோண்டிய குழியை மூடி, மேலே சுண்ணாம்பு தூவியிருந்தார்கள்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றார்கள். மனிதரை ஒன்றும் செய்யாதாம். பன்றிக்கு வந்தால் மருந்தே கிடையாதாம். ஒரு பன்றிக்கு வந்துவிட்டால் அந்தப் பட்டியையே முடித்துவிடுவதுதான் அரசாங்கத்துக்குத் தெரிந்த வைத்தியம்.

சிங்காரி மட்டும் குழிக்குள் இல்லை.

போன வாரம் ரத்தம் எடுக்க வந்தபோது பார்த்த சினைப்பன்றியை டாக்டர் மறந்துவிடுவார் என்று நம்பியிருந்தாள். அவர் மறக்கவில்லை.

விடிவதற்கு முன் வேலிக்கம்பியைத் தூக்கிப் பிடித்து அதைக் காட்டுக்குள் அனுப்பியது அவள்தான். போக மாட்டேன் என்று காலடியிலேயே நின்றது. விளக்குமாற்றால் அடித்து விரட்டினாள். அதன்மேல் அவள் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை.

“வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுப்பன்னி திரியுதும்மா. அதுக்குத் தொத்திடுச்சுன்னா நாங்க எந்தப் பட்டியைப் போய் அடைக்கிறது? மலை பூரா அதோட பட்டிதான்.”

டாக்டர் அதட்டவில்லை. வெள்ளை அங்கிக்குள் வேர்த்துக் கொட்டி, கண் சிவந்து நின்றார். காலையில் அவர் செய்த வேலையை யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள். பாவம்தான் அவரும்.

ஓடைக்கு அந்தக் கரையில் பிலோமி நின்றாள்.

அடுத்த பட்டிக்காரி. அவள் பன்றிகளுக்கு இன்னும் நோய் வரவில்லை. இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று கயிறு கட்டியிருந்ததால் அங்கேயே நின்றுவிட்டாள்.

இவள் புருஷன் செத்த மாதம், ஒரு குட்டியைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, “துணைக்கு இருக்கட்டும்க்கா” என்று விட்டுப்போனவள் பிலோமிதான். அந்தக் குட்டிதான் சிங்காரி.

“சிங்காரி...”

உண்மையில் பன்றிக்குத் தன் பெயர் தெரியாது. பெயரெல்லாம் வைக்கிறவர்களின் ஆசைக்கு. தகர வாளியின் விளிம்பில் அகப்பையால் தட்ட வேண்டும். எந்தப் பள்ளத்தில் படுத்திருந்தாலும் எழுந்து ஓடிவரும்.

அவள் வீட்டு வழக்கம் டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை.

பிலோமிக்குத் தெரியும்.

வாளி பட்டி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. பிலோமி வாளியைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். பிறகு மழை வருமா என்று பார்ப்பவள்போல முகத்தை மேலே திருப்பிக்கொண்டாள்.



வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் இவளுக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

“சரிம்மா. வராது போலிருக்கு. வனத்துறைக்குச் சொல்லித் தேடச் சொல்றேன்.” டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஜீப் பக்கம் நடந்தார்.

தப்பித்துவிட்டது.

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஓடைக்கு அப்பால் பிலோமியின் பட்டியில் பால்குடிக் குட்டிகள் கத்துவது கேட்டது. பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்கான அறிகுறி எதுவும் அங்கே இல்லை.

இவள் போய் வாளியை நிமிர்த்தினாள். அகப்பை அதற்கு அடியிலேயே கிடந்தது.

வெறும் வாளியைத் தட்டி அதை ஏமாற்ற மனம் வரவில்லை. அடுப்படிக்குப் போய், தனக்கென்று வடித்து வைத்திருந்த சோற்றை எல்லாம் வாளியில் கொட்டினாள். ஒரு வெல்லக்கட்டியையும் உடைத்துப் போட்டாள்.

வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

வேலியோரம் போய் நின்று, வாளியின் விளிம்பில் தட்டினாள்.

ஜீப் நின்றது.

இன்னொரு முறை தட்டினாள்.

புதர் அசைந்தது. காலையில் அடி வாங்கியதை அது மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை.