ஏழாம் பகுதியில் மூன்றே பேர்

"கணக்கைத் திருத்தினது நீங்களா, உங்க ஆளுங்களா?"

மேலதிகாரி கிளை மேலாளரிடம் இப்படிக் கேட்டார்.

தொலைபேசியும் இணையமும் கொடுக்கும் கம்பெனி அது. ஊரில் மொத்தம் ஒன்பது பகுதிகள். எட்டுப் பகுதிகளில் போன வருடம் வேறு கம்பெனிக்கு மாறிப் போனவர்கள், பகுதிக்குக் குறைந்தது முந்நூறு பேர். ஏழாம் பகுதியில் மட்டும் மூன்றே பேர். அதில் ஒருவர் இறந்து போனவர்.

"சத்தியமா நான் ஒண்ணையும் திருத்தலை, சார்."

"அதே கம்பி, அதே வேகம், அதே கட்டணம். அங்க மட்டும் ஜனங்க ஏன் ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் எழுதிக் கொடுங்க. இல்லைன்னா உங்க நாற்காலியில வேற ஆள்."

இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு நாள் லீவு எடுக்கக்கூட பொய் சொல்லாத மனிதர். மறுநாள் காலை நோட்டுப் புத்தகத்தோடு ஏழாம் பகுதிக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் வீடு ஒரு பல் மருத்துவருடையது.

"உங்க கம்பெனியா? வேகம் ஆமை, கட்டணம் யானை!"

"அப்புறம் ஏன் சார் எங்களை விடலை?"

"உங்க புகார்ப் பிரிவு அம்மாவுக்காகத்தான். என்ன பொறுமை! சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கூப்பிட்டு, 'சரியாச்சா?'ன்னு கேப்பாங்க. என் பொண்டாட்டிகூட அப்படி ஒருநாள் கேட்டதில்லை."

"காது கேக்குது!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அடுத்த வீட்டிலும் அந்த அம்மாதான். அதற்கடுத்த வீட்டில் "அக்கா" என்றார்கள். பதினான்கு வீடுகள் ஏறி இறங்கினார். பதின்மூன்றில் அதே பதில். ஒன்று பூட்டியிருந்தது.

மேலாளருக்குத் தலை சுற்றியது. புகார்ப் பிரிவில் இருப்பது நாலு ஆண்கள். அம்மாவும் கிடையாது, அக்காவும் கிடையாது. அந்த நாலு பேரைப் பிடிக்கவே ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வேண்டும்.

பதினான்காவது வீடு அச்சகக்காரருடையது. "நீங்க எந்த நம்பருக்குக் கூப்பிடுறீங்க?" என்று அவரிடம் கேட்டார்.

"இதோ, நீங்க ஒட்டினதுதானே?" அவர் மோடத்தைத் திருப்பிக் காட்டினார்.

ஏழாம் பகுதிக்கென்று மூன்று வருடம் முன்பு தனியாக அடித்த தாள். சரியான புகார் எண்ணின் கடைசி இலக்கம் ஒன்று. தாளில் ஏழு என்று இருந்தது. அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் சாட்சாத் மேலாளரேதான்.

அங்கேயே நின்று அந்த எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க. பெட்டியில எரியறது சிவப்பு விளக்கா, பச்சையா?" கடகடவென்று தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல்.

விலாசம் கேட்டுக்கொண்டு அரைமணி நேரத்தில் அந்தத் தையல்காரப் பெண்ணின் வீட்டு வாசலில் இருந்தார்.

"வாங்க தம்பி!" என்றாள் மாமியார். "என் மருமகளை இங்க ஏன் விட்டு வெச்சிருக்கீங்க? உங்க ஆபீசுக்கே கூட்டிட்டுப் போயிடுங்களேன்!"

"சும்மா இருங்க அத்தை," என்று அவள் மெஷினை நிறுத்தினாள்.

"தப்பு நம்பர்னு சொல்லிப் போனை வெச்சிருக்கலாமேம்மா?"

"முதல் பதினோரு பேர்கிட்ட அப்படித்தான் சொன்னேன், சார். பன்னிரண்டாவது ஒரு அம்மா. மகனுக்கு மறுநாள் நெட்ல பரீட்சை, லைன் இல்லைன்னு அழுதாங்க. மனசு கேக்கலை. உங்க சரியான நம்பரைத் தேடிப் பிடிச்சு நானே கூப்பிட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டு. எனக்கென்ன, கை தைக்குது, காது சும்மாதானே இருக்கு? புகாரைப் பதிஞ்சுட்டு அவங்களுக்குத் திரும்பச் சொன்னேன். அதுலேர்ந்து அப்படியே பழகிப்போச்சு."

"மத்தவங்களுக்காவது சரியான நம்பரைக் கொடுத்திருக்கலாமே?"

"கொடுத்தேனே! 'அதெல்லாம் வேணாம், நீங்களே சொல்லிடுங்கக்கா'ங்கறாங்க."

மேலாளர் நோட்டை மடியில் வைத்து, அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன்மா. தாளைத் தப்பாப் பார்த்தது நான்தான்னும் எழுதிட்டேன். நாற்காலி போனாப் போகட்டும். ஆனா உங்களுக்குக் கம்பெனி ஏதாவது செஞ்சே ஆகணும். ஆயுசு முழுக்க இலவச இணைப்பு வாங்கித் தர்றது என் பொறுப்பு. உங்க இணைப்பு எண்ணைச் சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் உங்க கம்பெனி இல்லை, சார். எதிர்க் கம்பெனி."

"என்னம்மா சொல்றீங்க?"

"நாலு வருஷம் முன்னாடி உங்ககிட்டதான் இருந்தேன். ஒருநாள் லைன் போச்சுன்னு கூப்பிட்டேன். முதல் பாட்டு முடியறதுக்குள்ளயே போனை வெச்சுட்டு, மறுநாளே மாறிட்டேன்." அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "எனக்காகன்னா காத்திருக்கப் பொறுமையே வர மாட்டேங்குது, சார்!"