தோற்றாலும் தொடரும் வரி

எதிரில் நிற்பவரின் பெயரை மறதி நோயாளிகளுக்குச் சொல்லும் மூக்குக் கண்ணாடி அது. அதற்கான மென்பொருள் அப்டேட்டுகளைத் தொகுத்து அனுப்புவது கோகிலவாணியின் வேலை. கண்ணாடியில் ஏற்கெனவே சேமித்திருந்த முகங்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும் கட்டளை அன்று திரும்பத் திரும்பத் தோற்றது. வெளியிடும் அவசரம். தோற்றாலும் கண்டுகொள்ளாமல் தொடரும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் சேர்த்து, அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கதவைத் திறந்த மாமனார், தான் அணிந்திருந்த அதே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க, யாரைப் பாக்கணும்?"



"நான்தான் மாமா, உங்க மருமக கோகிலா. கண்ணாடி அப்டேட் ஆச்சா?"

"ஆச்சே. எல்லாம் சக்ஸஸ்னுதான் வந்துச்சு." அவர் கூசிப்போய்த் தலையைக் குனிந்தார். "நீ செஞ்சதுல தப்பிருக்காதும்மா. எனக்குத்தான் மறதி முத்திப்போச்சு போல. மன்னிச்சுக்க."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் வாசலிலேயே நின்றாள்.