ட்ரம்ஸ் யார்?

திருவொற்றியூர் ஹவுசிங் போர்டில் வல்லரசு ட்ரம்பெட்டை வாயில் வைத்தால் போதும், பக்கத்து வீட்டு ஜீனத் அக்கா சுவரை டமடமவென்று இடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் வெறுத்துப்போய், அந்த இடிச்சத்தத்தோடேயே பதிவு செய்து ஆன்லைன் ஜாஸ் ரசிகர் குழுவில் போட்டுவிட்டான்.

'நீலக்கடல்' என்ற பெயரில் ஒருவர் முதல் ஆளாக எழுதினார்: "ட்ரம்பெட் சுமார். ட்ரம்ஸ் யார்? பின்னியெடுக்கிறார்."

அவ்வளவுதான். மொத்தக் குழுவும் ட்ரம்ஸ்காரரைக் கேட்டு நச்சரித்தது. வேறு வழியில்லாமல், ஞாயிறு மாலை இருவரும் லைவில் வாசிப்பதாக வல்லரசு அங்கேயே அறிவித்துவிட்டான்.

ஞாயிறு மாலை. எண்ணூருக்கே கேட்கும்படி ஊதினான். சுவரில் ஒரு சத்தமும் இல்லை. "ட்ரம்ஸ் எங்கே?" என்று குழுவில் கேள்விகள் குவிந்தன.

ட்ரம்பெட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஜீனத் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"யக்கா, இன்னிக்கி ஒருதபா செவுத்த இடியேன். மானம் போவுது."

கதவு திறந்தது. சம்கி துப்பட்டா, கண்ணில் மை, இரண்டு கையிலும் பூரிக்கட்டை.

"நவுரு. உன் வூட்டுக்குத்தான் கெளம்பிகினு கீறேன்," என்றாள் ஜீனத். "லைவுன்னு சொல்ட்டு செவுத்துக்குப் பின்னாலயா வாசிப்பாங்க? இந்த நீலக்கடல் மூஞ்சிய ஜனங்க பாக்க வாணாமா?"