சாம்பல் நிறத்தில் ஒருத்தி

அவன் ஒரு ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துபவன். தங்கை இறந்து மூன்று மாதம் கழித்து, சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்த அம்மாவைப் படமெடுத்தான். முகத்தில் மட்டும் வெளிச்சம் கூட்டுவதற்காக, வீட்டுக் கணினியில் அந்தப் படத்திலிருந்து மாஸ்க் எனப்படும் கறுப்பு வெள்ளை நகல் ஒன்றை எடுத்தான். வெளிச்சமான இடம் அதில் வெள்ளையாகவும், இருண்ட இடம் கறுப்பாகவும் தெரியும்.

மாஸ்க்கில் அம்மாவுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். படத்தில் அங்கே வெறும் சுவர்தான்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அவதான்டா! இப்படித்தான் தலையைச் சாய்ச்சுக்கிட்டு உக்காருவா. முகந்தான் தெரியல. கொஞ்சம் தெளிவாக்கேன்."

அவன் வெள்ளையைக் கூட்டினான், கறுப்பையும் கூட்டினான். ஜன்னல் சட்டம் கூர்மையானது. அம்மாவின் நரைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தங்கை எழுந்து நின்றிருந்தாள். இன்னொரு முறை கூட்டியபோது முதுகைக் காட்டிக்கொண்டு கதவருகில் இருந்தாள்.

"போதும், விட்டுடுடா!"

அதற்குள் அவன் விரல் அழுத்திவிட்டது. கதவருகில் யாரும் இல்லை.

செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினான். மாஸ்க் பழையபடி மங்கியது. அவள் மட்டும் திரும்பி வரவில்லை. மாஸ்க்கைப் புதிதாக இருபது தடவை எடுத்தும் சுவர் சுவராகவே இருந்தது.

"மங்கலாவாவது இருந்தாளேடா," என்றாள் அம்மா. "நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம..."

மறுநாள் காலை அம்மா சோபாவின் ஓரமாக, ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொன்னு எடு."

எடுத்தான். படத்தில் அம்மா இருந்தாள். மாஸ்க்கில் சோபா மட்டும் இருந்தது.