கிரேக்கத் தீவில் அரைஞாண்

“நல்லூர்க் கந்தன்மேல் சத்தியம், ஒரு சொல்லும் பொய்யில்லை” என்றார் பேரின்பநாயகம். இத்தாலியின் பலெர்மோ நகர ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி செல்வமலர். விடிந்தால் நெஞ்சில் ஒப்பரேசன். பயத்தில் அவள் சாப்பிடவுமில்லை, கதைக்கவுமில்லை.

“நீ யாழ்ப்பாணத்திலை இருக்கேக்கை, நான் வேலை செய்யிற முதலாளியம்மா, அந்தச் சின்யோரா வீட்டாரோடை ஒரு கிரேக்கத் தீவுக்குப் போனனான். மறைவான கடற்கரை. அங்கை ஒருத்தருக்கும் உடுப்பில்லை.”

“நீங்கள்?” அவள் வாய் திறந்தாள்.

“கழட்டினன்தான். ஆனா அம்மணமில்லை, அரைஞாண் கயிறு கிடந்தது. அதைப் பாத்திட்டு, தங்களுக்கும் கட்டிவிடச் சொல்லி வெள்ளைக்காரர் வரிசையிலை நிண்டவை.”

“இஞ்சாருங்கோ, தட்சணையும் வாங்கினனீங்களோ?”

“அதுகளுக்கு மடியேது?”

சிரித்த சிரிப்பில் சூப்பைக் குடித்து முடித்தாள்.

வதிவிட அனுமதி இன்னும் கிடைக்காத பேரின்பநாயகம், வந்திறங்கிய நாளிலிருந்து பலெர்மோவைத் தாண்டிப் போனதேயில்லை என்பது செல்வமலருக்கும் தெரியும்.